ஓ.பி. சீட்டோடு சாதியும் பயணிக்க வேண்டுமா?

ஆதம்பாக்கத்தில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு பெண்ணை எண்ணிக்கொள்ளுங்கள். சொந்த ஊர் செய்யாறு பக்கம். கணவருக்குக் கட்டட வேலை, இவருக்கு நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் வேலை. முதல் பிள்ளை உண்டானதும் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்கிறார். பிக்மி எண் கிடைக்கிறது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகிறார். அங்கே வேறு செவிலியர், வேறு நோட்டு. ரத்த அழுத்தம் ஏறினால் செய்யாறு அரசு மருத்துவமனை. அங்கே இன்னொரு ஓ.பி. சீட்டு. சென்னையில் எடுத்த ஸ்கேன் எங்கே என்று டாக்டர் கேட்கிறார். அது மஞ்சப்பையில் இருந்தது, மஞ்சப்பை ஆதம்பாக்கத்து வீட்டில் பரண்மேல் இருக்கிறது. மறுபடியும் ஸ்கேன், மறுபடியும் ரத்தப் பரிசோதனை, இன்னொரு நாள் கூலி போச்சு.

ஏழை எளிய மக்களின் மருத்துவ வரலாறு இந்த நாட்டில் மஞ்சப்பையில்தான் இருக்கிறது. பை தொலைந்தால் வரலாறு தொலைகிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலும் கூவக்கரையிலும் இருந்த குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் ஏற்றிக்கொண்டு போனார்கள். வெள்ளத்தில் போன மருந்துச் சீட்டுகளும் எக்ஸ்ரே பிலிம்களும் போனவைதான். காசநோய்க்கு எத்தனை மாதம் மருந்து சாப்பிட்டோம் என்பதையே நிரூபிக்க முடியாமல் புது இடத்தில் முதலிலிருந்து தொடங்குவது எவ்வளவு ஆபத்து என்று மருத்துவர்கள் அறிவார்கள்.

ஆகவே, ஒரு மருத்துவமனையின் கணினியில் உள்ள நோயாளி விவரம் இன்னொரு மருத்துவமனையின் கணினிக்குப் போக வேண்டும் என்ற திட்டத்தை நான் எதிர்க்கவில்லை. இடம் மாறி மாறிப் பிழைக்கும் மக்களுக்குத்தான் அது முதலில் தேவை. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகும் குடும்பங்கள், பிழைப்புக்குத் திருப்பூருக்கும் சென்னைக்கும் வரும் குடும்பங்கள் பெரும்பாலும் யாருடையவை என்று இந்தப் பத்தியை வாசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் கேள்வி வேறு. அந்த விவரத்தோடு சேர்ந்து என்னென்ன பயணிக்கிறது? யார் கையில் சாவி இருக்கிறது?

முதலில் திட்டம் என்ன என்று பார்த்துவிடுவோம். 2020 ஆகஸ்ட் 15 அன்று தேசிய மின்னணு சுகாதாரத் திட்டம் அறிவிக்கப்பட்டது. புதுச்சேரி உள்ளிட்ட ஆறு ஒன்றியப் பகுதிகளில் முன்னோட்டம் நடந்தது. 2021 செப்டம்பர் 27 அன்று ‘ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன்’ என்ற பெயரில் நாடு முழுவதற்கும் விரிந்தது. ஒவ்வொருவருக்கும் 14 இலக்க ‘ஆபா’ எண். உங்கள் குறிப்புகள் எல்லாம் டெல்லியில் ஒரே கிடங்கில் குவிக்கப்படுவதில்லை. அவை அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும். வேறொரு மருத்துவமனை கேட்கும்போது, நீங்கள் ஒப்புதல் கொடுத்தால், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் அவர்கள் பார்க்கலாம். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் முடியும். எண் வாங்குவது கட்டாயமும் இல்லை. காகிதத்தில் இது நல்ல ஏற்பாடு.

தமிழ்நாட்டில் இதற்கு முன்பே பல கணினிகள் இயங்குகின்றன. கர்ப்பிணிகளுக்குப் பிக்மி. காசநோயாளிகளுக்கு நிக்‌ஷய். அரசு மருத்துவமனைகளுக்கு மருத்துவமனை மேலாண்மைத் தகவல் முறை. முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்துக்கு ஒரு எண். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், வீட்டுக்கு வரும் தன்னார்வலரின் செல்போனில் உங்கள் சர்க்கரை அளவு ஏறிவிடுகிறது. இவை ஒன்றோடொன்று பேசத் தொடங்கும்போது, ஒவ்வொன்றிலும் இதுவரை தனித்தனியாகக் கிடந்த கட்டங்களும் ஒன்று சேரும். அந்தக் கட்டங்களில் ஒன்று சாதி.

தாய்-சேய் நலப் பதிவேட்டில் பட்டியல் சாதியா, பழங்குடியா, மற்றவரா என்று ஒரு கட்டம் உண்டு. கெட்ட எண்ணத்தோடு வந்த கட்டம் இல்லை அது. 2005-இல் வந்த ஜனனி சுரக்‌ஷா திட்டத்தில், தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள பெண்களோடு பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்கும் உதவித்தொகை உண்டு. அதற்குச் சாதி தெரிய வேண்டும். பணம் கொடுக்கும் அலுவலகத்துக்குத் தெரியட்டும். ஆனால் பிரசவ அறையில் பணியில் இருப்பவருக்கு அது ஏன் தெரிய வேண்டும்? ரத்த அழுத்தம் தெரிய வேண்டும், ரத்த வகை தெரிய வேண்டும், முந்தைய பிரசவம் அறுவையா என்று தெரிய வேண்டும். சாதிக்கு அங்கே என்ன வேலை?

‘மருத்துவமனையில் யார் சார் சாதி பார்க்கிறார்கள்’ என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு ஆய்வைச் சொல்கிறேன். குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் 200 தலித் குழந்தைகளிடம் விசாரித்து, பேராசிரியர் சங்கமித்ரா ஆச்சார்யா 2010-இல் வெளியிட்ட ஆய்வு அது. அந்தக் குழந்தைகளுக்கு மருந்து கொடுத்த தருணங்களில் பத்துக்கு ஒன்பது முறை ஏதோ ஒரு வகைப் பாகுபாடு நடந்திருந்தது. தொடாமல் மருந்தைப் போடுவது, காத்திருக்க வைப்பது, பேச்சில் இளக்காரம். தமிழ்நாடு அப்படி இல்லை என்று சொல்லிக்கொள்வதில் நமக்கு ஒரு பெருமை. ஆனால் சேரிக்குள் வராமல் ஊர் முனையில் நின்று ஆள் அனுப்பிக் கூப்பிட்ட செவிலியர் கதைகள் நம் பாட்டிமார்களிடம் இன்றும் கேட்கக் கிடைக்கும். சேரிக்குள் வந்து, திண்ணையில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போன செவிலியர்களின் பெயர்களும் அவர்களுக்கு நினைவிருக்கிறது. அவர்களையும் சொல்லத்தான் வேண்டும்.

சாதிக் கட்டத்தை அழித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? அங்கேதான் முகவரி வருகிறது. ‘காலனி’ என்று ஒரு சொல் போதும். ‘ஆதிதிராவிடர் தெரு’, ‘மேட்டுத் தெருவுக்குக் கிழக்கே’ போதும். சென்னையில் அம்பேத்கர் நகர் என்று எழுதினாலே ‘ஓ, அந்தப் பக்கமா?’ என்று ஒரு குரல் எழும். 2025 ஏப்ரலில், ‘காலனி’ என்ற சொல் ஆதிக்கத்தின் அடையாளமாகவும் வசையாகவும் மாறிவிட்டது, அது அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். பெயர்ப்பலகையை ஒரே நாளில் மாற்றிவிடலாம். கணினிகளில் ஏற்கெனவே ஏறிவிட்ட லட்சக்கணக்கான முகவரிகள்? ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு நகல் ஆகிக்கொண்டே போகும் அந்தச் சொல்லை யார் போய் அழிப்பது? பழைய பதிவுகளைப் புதிய திட்டத்தோடு இணைப்பதற்கு முன்பே அதைச் செய்தாக வேண்டும். பிறகு என்றால் நடக்காது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, ‘அப்படியானால் சுகாதாரத் துறை எங்குமே சாதியைக் கேட்கக் கூடாது’ என்று சிலர் சொல்வார்கள். அது நமக்கு நாமே வெட்டிக்கொள்ளும் குழி. ஐ.நா. பெண்கள் அமைப்பு 2018-இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு வந்தது. தலித் பெண்களின் சராசரி இறப்பு வயது 39.5, உயர்சாதிப் பெண்களுக்கு 54.1. ஏறத்தாழ 15 ஆண்டு வாழ்க்கை சாதியால் பறிபோகிறது என்பதை உலகத்தின் முன் வைத்த எண் அது. சாதியைக் கேட்டுப் பதிந்த மாதிரிக் கணக்கெடுப்புகள் இல்லாவிட்டால் இந்த எண் வந்திருக்காது. பிரசவத்தில் இறந்த தாய்மார்களில் நம் பெண்கள் எத்தனை பேர், சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸில் கிடப்பவர்களில் வெயிலில் வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர், சாக்கடையில் இறங்கியவர்களின் நுரையீரல் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் எண்ணப்பட வேண்டும். எண்ணப்படாத துயரத்துக்கு நிதி ஒதுக்கீடு கிடையாது.

எண்ணுவது வேறு, ஆளோடு சேர்த்து அனுப்புவது வேறு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதற்கு ஒரு முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம், 15-ஆம் பிரிவு. கணக்கெடுப்பாளரிடம் ஒருவர் சொன்ன விவரத்தை வேறு யாரும் பார்வையிட முடியாது, நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் எடுத்துக்கொள்ள முடியாது. அடுத்த கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளும் எண்ணப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். அந்தப் படிவத்தில் நாம் சொல்லும் சாதி கணக்குக்குப் போகும், நம் பெயரோடு எந்த அலுவலக மேசைக்கும் போகாது. மருத்துவப் பதிவுகளிலும் அதே சுவரை எழுப்ப முடியும். பெயரை நீக்கிவிட்டு ஆராய்ச்சிக்கும் திட்டமிடலுக்கும் சாதி விவரம் போகட்டும், மருத்துவரின் திரைக்கு அது வரக் கூடாது. கணினி செய்பவர்களுக்கு இது பெரிய வேலை இல்லை. செய்யச் சொல்பவர்கள்தான் வேண்டும்.

சட்டம் சொல்கிறதா? 2018-இல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு தயாரித்த தரவுப் பாதுகாப்பு வரைவில், உடல்நல விவரமும் சாதி விவரமும் ‘கூர்மையான’ தனிப்பட்ட தரவுகள் என்று தனியாக வைக்கப்பட்டிருந்தன. 2019 மசோதாவிலும் இருந்தன. 2020 ஆகஸ்டில் வெளியான சுகாதாரத் தரவு மேலாண்மைக் கொள்கையின் வரைவிலும் அந்தப் பட்டியலில் சாதி இருந்தது. ‘அப்படியென்றால் சாதியைச் சேகரிக்கப் போகிறீர்களா’ என்ற கேள்வி அப்போதே எழுந்தது. கடைசியில் 2023 ஆகஸ்டில் நிறைவேறிய மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தத் தனி வகையே இல்லை. நீங்கள் எந்தக் கடையில் சட்டை வாங்கினீர்கள் என்பதும், உங்களுக்குக் காசநோய் என்பதும், உங்கள் சாதி என்பதும் அந்தச் சட்டத்துக்கு ஒரே மாதிரியான தரவுகள்தான்.

அந்தச் சட்டத்தில் இன்னும் இரண்டு இடங்கள் நம் மக்கள் கவனிக்க வேண்டியவை. விதியை மீறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று தடபுடலாகச் சொல்கிறது. அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு ஒரு காசு வராது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இழப்பீடு கேட்க வழிசெய்த 43-ஏ பிரிவையும் இந்தச் சட்டமே நீக்குகிறது. அடுத்தது, அற்பமான புகார் கொடுத்தால் புகார் கொடுத்தவருக்கே 10,000 ரூபாய் வரை அபராதம். வன்கொடுமைப் புகார் கொடுக்கப் போய் ‘பொய்ப் புகார்’ என்று முத்திரை வாங்கித் திரும்பியவர்களுக்கு, ‘அற்பமான’ என்ற சொல்லை யார் எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று விளக்கத் தேவையில்லை.

இதைவிட நல்ல சட்டம் எழுத முடியாதா? எழுதியிருக்கிறார்கள். எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2017. தெளிவான ஒப்புதல் இல்லாமல் ஒருவருடைய நோய் நிலையை வெளியிடக் கூடாது, பதிவுகளை வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும் பாதுகாக்கக் கடமைப்பட்டது, வேலையிலும் சிகிச்சையிலும் பாகுபாடு கூடாது என்கிறது அது. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் 1986-இல் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான், மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினரால். அதற்குப் பிறகான முப்பது ஆண்டுகள் அந்த நோயாளிகளும் அவர்களுக்காக நின்றவர்களும் பட்ட அவமானங்களிலிருந்து பிறந்த சட்டம் அது. ஒரு நோய்க்குச் செய்ய முடிந்ததை எல்லா நோய்க்கும், சாதி விவரத்துக்கும் செய்ய முடியும்.

இனி ஒப்புதலுக்கு வருவோம். தமிழில் ‘ஒப்புதல்’ என்ற சொல் இருக்கிறது, ‘இசைவு’ இருக்கிறது, ‘சம்மதம்’ இருக்கிறது. ஓ.பி. கவுண்டரில் நடப்பதற்கு இவை எதுவும் பொருந்தாது. ‘ஆதார் குடுங்க, போனுக்கு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க.’ பின்னால் நாற்பது பேர் வரிசையில். இவர் ஓடிபியைச் சொல்கிறார். எதற்குச் சொன்னோம் என்று அவருக்கும் தெரியாது, கேட்ட ஊழியருக்கும் சொல்ல நேரமில்லை. கொரோனா தடுப்பூசிக்கு ஆதாரைக் கொடுத்தவர்கள் பலருக்கு, அவர்கள் அறியாமலேயே சுகாதார எண் உருவாகிவிட்டது என்று 2021-இல் செய்திகள் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

அதிலும் போன் யாருடையது? பல வீடுகளில் ஒரே போன், அது கணவர் கையில். அல்லது பிளஸ் டூ படிக்கும் மகன் கையில். கருக்கலைப்புக்குப் போன பெண்ணின் விவரம், மனநல சிகிச்சைக்குப் போன மருமகளின் விவரம், வேறு சாதியில் காதலித்துத் திருமணம் செய்துகொண்டு தலைமறைவாக இருக்கும் பெண் எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்திருக்கிறார் என்ற விவரம் குறுஞ்செய்தியாக எந்தப் போனுக்கு வரும்? கடைசியாகச் சொன்னதைச் சற்று நின்று யோசியுங்கள். பிக்மி எண் இல்லாமல் தமிழ்நாட்டில் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழே சிக்கல். ஆணவக் கொலைக்குத் தேடும் குடும்பத்துக்கு அந்தப் பெண்ணின் பழைய போன் எண் போதும்.

கிராமத்தில் ரகசியம் உடைவது கம்ப்யூட்டர் திருடர்களால் மட்டுமில்லை. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகளை முடக்கினார்களே, அதைப் போன்ற பெரிய திருட்டுகள் நாளிதழில் வரும். நம் ஊரில் நடப்பது நாளிதழில் வராது. பதிவு எடுக்கும் தன்னார்வலர் அதே ஊராட்சியைச் சேர்ந்தவர். அவர் நல்லவர்தான். ஆனால் அவர் போன் மேசையில் கிடக்கும், அவர் வீட்டுக்காரர் பார்ப்பார், டீக்கடையில் ஒரு வார்த்தை விழும். காசநோய் என்று தெரிந்தால் நம் பிள்ளைக்குப் பெண் தர மாட்டார்கள், ஒப்பந்த மேஸ்திரி வேலைக்குக் கூப்பிட மாட்டார். ஆலந்தூர் மண்டலத்தில் குப்பை அள்ளும் வேலை ஒப்பந்த நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அங்கே பணி நிரந்தரம் இல்லாத ஒரு தூய்மைப் பணியாளரின் நுரையீரல் குறிப்பு, மருத்துவ முகாம் வழியாகவோ காப்பீடு வழியாகவோ முதலாளி கைக்குப் போனால் மறுநாள் அவருக்கு வேலை இருக்குமா?

உடலைப் பற்றிய விவரத்தைக் கொடுக்க நம் மக்கள் தயங்கினால் ‘விழிப்புணர்வு இல்லை’ என்று சொல்லிவிடுகிறார்கள். வேங்கைவயலை நினைத்துப் பாருங்கள். 2022 டிசம்பரில் குழந்தைகள் நோய்வாய்ப்பட்ட பிறகுதான் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரிந்தது. விசாரணை வந்தபோது அந்த மக்களிடமே டி.என்.ஏ. சோதனைக்கு ரத்தம் கேட்டார்கள். பாதிக்கப்பட்ட எங்களிடம் ஏன் என்று பலர் மறுத்தார்கள். 2025 ஜனவரியில் அதே ஊரின் தலித் இளைஞர்கள் மூவர் மீது குற்றப்பத்திரிகை வந்தது. அதை அந்த மக்கள் ஏற்கவில்லை. இப்படி ஒரு அனுபவம் உள்ள மக்களிடம், ‘உங்கள் விவரம் பத்திரமாக இருக்கும்’ என்ற ஒற்றை வரி எடுபடாது.

உலகத்திலும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவாசுபாய் என்ற சிறு பழங்குடி. அவர்களிடையே சர்க்கரை நோய் அதிகம். அதற்கு உதவுவதாகச் சொல்லி 1990-களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரத்தம் எடுத்தார்கள். அதே ரத்தத்தை அவர்களுக்குத் தெரியாமல் மனச்சிதைவு, உறவுமுறைத் திருமணம், அவர்களின் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்ற ஆய்வுகளுக்கும் பயன்படுத்தினார்கள். அந்த மக்கள் வழக்குப் போட்டார்கள். 2010-இல் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்சமிருந்த ரத்த மாதிரிகளையும் திருப்பிக் கொடுத்தது. எஸ்தோனியா என்ற சின்ன நாட்டில் ஒருவர் தன் மருத்துவப் பதிவை எந்த மருத்துவர், என்றைக்குத் திறந்து பார்த்தார் என்பதைத் தானே பார்க்கலாம். தேவையில்லாமல் திறந்தவரைக் கேள்வி கேட்கலாம். நமக்கு வேண்டியது இந்த மாதிரியான ஏற்பாடுதான். அதுவும் தமிழில், எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் குரல் வழியாக.

தமிழ்நாடு அரசு தன் கணினிகளை ஆபாவோடு இணைப்பதில் முனைப்பாக இருக்கிறது. இணைப்பதற்கு முன் அரசு மூன்று வேலைகளை முடிக்கட்டும். மருத்துவர் பார்க்கும் திரையிலிருந்து சாதிக் கட்டத்தை எடுத்துவிட வேண்டும். முகவரியை ஊர், அஞ்சல் எண் என்ற அளவோடு நிறுத்த வேண்டும். மகப்பேறு, மனநலம், காசநோய், எச்.ஐ.வி. ஆகிய குறிப்புகளுக்கு, போனுக்கு வரும் எண்ணை மட்டும் நம்பாமல், செவிலியர் தனியறையில் விளக்கிக் கேட்கும் ஒப்புதல் வேண்டும். அதற்கு ஆள் போதாது என்பார்கள். கிராம சுகாதார செவிலியர்களின் காலிப் பணியிடங்களை நிரப்புங்கள் என்பதே அதற்குப் பதில்.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கோ பாட்டிக்கோ ஆபா எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்தச் செயலியில் யார் யாருக்கு ஒப்புதல் போயிருக்கிறது என்று பார்க்கலாம், வேண்டாததை ரத்து செய்யலாம். எண்ணே வேண்டாம் என்றால் முடக்கவும் வழி இருக்கிறது. எண் இல்லை என்பதற்காக எந்த மருத்துவமனையும் சிகிச்சை மறுக்க முடியாது என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். கூடவே அந்த மஞ்சப்பையில் உள்ள சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி, ஒரு ஃபைலில் போட்டு, போனில் படம் எடுத்து வையுங்கள். கிராம சபை கூடும்போது, நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுக்கும் விவரம் எங்கெங்கே போகிறது, ‘காலனி’ என்ற சொல் அதில் இன்னும் இருக்கிறதா என்று எழுத்தில் கேள்வி கொடுத்து, அதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.